ஐந்து பேரும் இரண்டு பெட்டி மாம்பழமும் ஏறிய பிறகு

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பத்து வருடம் ஓட்டிய ஹேட்ச்பேக்கைக் கொடுத்துவிட்டு கிராஸோவர் எடுக்க நினைக்கிறாராம். வீட்டில் அவர், மனைவி, அப்பா, அம்மா, ஒன்பது வயது மகள், மூன்று வயது மகன். டெஸ்ட் டிரைவ் போனதில் வண்டி பிடித்துவிட்டது. "ஐந்து சீட் போதும், சின்னவன் மடியில் உட்கார்ந்துகொள்வான். நீங்கள் குடும்பத்தோடு கன்னியாகுமரி வரை போய் வந்தீர்களே, வண்டி எப்படி?" என்பது கேள்வி.

எனக்குத் திருப்தி. உங்களுக்குச் சரிவருமா என்பது வேறு கதை, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த டெஸ்ட் டிரைவ். வண்டியில் யார் யார் இருந்தீர்கள்? நீங்களும் ஷோரூம் பையனும். டிக்கி காலி. பைபாஸில் நாலு கிலோமீட்டர். அப்படி ஓட்டினால் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். ஆளும் மூட்டையும் ஏறிய பிறகு அதே வண்டி வேறு வண்டி. 18,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகுதான் இது எனக்கே உறைத்தது. அதற்கு முன் பெரும்பாலும் நான் தனியாகவே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. காவேரிப்பட்டணத்தில் இருபது வருடமாக வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். என் வண்டி நாலு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் கிராஸோவர். 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, ஆறு கியர் மேனுவல். கம்பெனி பெயர் வேண்டாம். எல்லாக் கம்பெனி வண்டியும் என் கடைக்கு வருகிறது, குறை சொல்லி யாரிடமும் பகையைத் தேடிக்கொள்ள விருப்பமில்லை.

நம் பக்கத்தில் உயரமாக எது நின்றாலும் எஸ்யூவி என்கிறோம். பழைய ஜீப், பெரிய எஸ்யூவி எல்லாம் லாரி மாதிரி: கீழே தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேல் பாடி. கிராஸோவருக்கு அந்தத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியும் அடியும் ஒன்றாக வார்த்த கார்தான், கொஞ்சம் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் எஞ்சின் இழுப்பது முன் சக்கரத்தை மட்டும். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொல்லிமலையில் தேவைப்படும்.

மே கடைசி வாரம், பள்ளி திறக்கும் முன் கிளம்பினோம். நான், மனைவி, 74 வயது அம்மா, கல்லூரி போகும் மகள், பத்தாவது முடித்த மகன். மதுரையில் மச்சினன் வீட்டுக்கு இரண்டு பெட்டி மாம்பழம், ஒன்றில் செந்தூரா, ஒன்றில் மல்கோவா. கிளம்புவதற்கு முதல் நாள் பக்கத்து மாங்காய் மண்டியின் எடைமேடையில் எல்லாரையும் ஏற்றி நிறுத்தினேன். "நான் என்ன மாங்காயாடா?" என்றார் அம்மா. ஆள், பை, பழம் எல்லாம் சேர்த்து 412 கிலோ. வண்டியோடு வந்த புத்தகத்தில் மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்தால் 425. ஆக, ஐந்து பேரும் இரண்டு பெட்டியும் ஏறியதும் வண்டியின் கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இதற்கு மேல் கூரையில் கேரியர் போட்டு நாலு மூட்டை ஏற்றுகிறவர்களைக் கடையில் தினமும் பார்க்கிறேன். பின் டயரின் தோள் இரண்டும் தேய்ந்திருக்கும், "கம்பெனி டயர் சரியில்லை" என்பார்கள்.

ஏற்றி முடித்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். பிரோஷரில் தரை இடைவெளி 195 மி.மீ. சைலன்சருக்குக் கீழே அளந்தால் 158. ஏமாற்று என்று சொல்ல முடியாது, பிரோஷரில் போடுவது ஆள் ஏறாத வண்டியின் அளவு. வரி போடுகிற அரசாங்கமே அப்படித்தான் அளக்கச் சொன்னது. பெரிய எஸ்யூவிக்குக் கூடுதல் வரி போட வைத்திருந்த 170 மி.மீ. என்ற அளவு சுமையில்லாத வண்டிக்குத்தான் என்று 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சில் தெளிவாகச் சொன்னது. ஷோரூமில் படிக்கும் எண் உங்கள் அம்மா ஏறுவதற்கு முந்தைய எண்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டுவதற்குள் எதிரே வந்த இரண்டு பேர் லைட்டை அடித்துக் காட்டினார்கள். நான் லோ பீமில்தான் இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: பின்பக்கம் அமுங்கியதால் மூக்கு தூக்கி, வெளிச்சம் நேராக எதிரில் வருகிறவர் கண்ணுக்குப் போகிறது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்ன சக்கரம் இருக்கும், அதைத் திருப்பினால் வெளிச்சம் இறங்கும். 2-ல் வைத்தேன், சரியாகிவிட்டது. பதினைந்து மாதத்தில் அதைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. கடைக்கு வருகிறவர்களிடம் இப்போது கேட்டுப் பார்க்கிறேன், பத்தில் எட்டுப் பேருக்கு அது என்ன என்றே தெரியவில்லை.

தொப்பூர் இறக்கத்துக்கு வரும்போது விடிந்திருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு அந்த இறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவரும் லாரி, சூடேறிய பிரேக், கீழே இரட்டைப் பாலம். காலி வண்டியில் நாலாவது கியரில் சும்மா இறங்குவேன். அன்று நாலாவதில் வண்டி நிற்கவில்லை, தள்ளிக்கொண்டே போனது. மூன்றாவதுக்கு வந்தபிறகுதான் எஞ்சின் பிடித்தது. சின்ன டர்போ எஞ்சினில் எஞ்சின் பிரேக்கிங் கொஞ்சம் மெலிசாகத்தான் இருக்கும், ஒரு கியர் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் இதற்குத்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அது தெரியவருவது தொப்பூரில் என்றால் நேரம் சரியில்லை.

சேலத்திலிருந்து மதுரை வரை எழுத அதிகமில்லை. 90-ல் வைத்தால் அமைதி, 110-ல் காற்றுச் சத்தமும் பெட்ரோல் செலவும் ஏறும். முந்த வேண்டுமானால் ஆறாவதிலிருந்து நாலாவதுக்கு வந்தாக வேண்டும். ஃபாஸ்டேக்கில் வருட பாஸ் போட்டிருந்தேன், 2025 ஆகஸ்ட் 15-லிருந்து சொந்த வண்டிகளுக்குக் கொடுக்கிறார்கள், தொடங்கியபோது 3,000 ரூபாய்க்கு 200 தடவை. தேசிய நெடுஞ்சாலையிலேயே போகிற பயணத்துக்கு நல்ல லாபம்.

இனி அம்மா. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பழைய ஹேட்ச்பேக்கில் ஏறுவது என்றால் பள்ளத்தில் இறங்குவது மாதிரி, வெளியே வர நான் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அண்ணன் வீட்டுப் பெரிய எஸ்யூவியில் ஃபுட்போர்டில் கால் வைத்து ஏற வேண்டும், அதுவும் முடியாது. டேப்பை வைத்து மூன்று வண்டியிலும் பின் சீட் உயரத்தை அளந்தேன்: ஹேட்ச்பேக் 53 செ.மீ., என் வண்டி 66, அண்ணன் வண்டி 82. அம்மா திண்ணையில் உட்காருகிற உயரம் 60 சொச்சம். மதுரை போய்ச் சேர்வதற்குள் டீக்கு, சாப்பாட்டுக்கு, பாத்ரூமுக்கு என்று ஆறு தடவை இறங்கி ஏறினார், ஒரு தடவையும் என்னைக் கூப்பிடவில்லை. "இதுல ஏறவும் வேணாம் எறங்கவும் வேணாம்டா, அப்படியே குந்திக்கலாம்" என்றார். டர்போ, சன்ரூஃப், பத்து அங்குல ஸ்கிரீன் எல்லாவற்றையும் விட நான் கொடுத்த பணத்துக்கு இந்தப் பதின்மூன்று சென்டிமீட்டர்தான் மதிப்பு.

பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்த மகனுக்குத்தான் கஷ்டம். முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் தரையில் மேடு அதிகமில்லை, ஆனால் ஏசி துவாரம் இருக்கும் பெட்டி முழங்காலை இடிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனும் மகளும் இடம் மாறிக்கொண்டார்கள். நீண்ட தூரத்துக்கு அது நாலேமுக்கால் சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாம்பழம் மதுரையில் இறங்கியதும் வண்டி நிமிர்ந்தது. தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர். மறுநாள் கடலோரமாகக் கன்னியாகுமரி. உடன்குடியில் கருப்பட்டி வாங்காமல் வர முடியுமா? எட்டு கிலோ, அம்மாவின் கணக்கு தனியாக நாலு கிலோ. மணப்பாடு, உவரி என்று அந்தச் சாலை அழகு, ஆனால் ஊருக்கு ஊர் வேகத்தடை. சில இடத்தில் வெள்ளைக் கோடும் இல்லை. ஒன்றைக் கவனிக்காமல் முப்பதில் ஏறிவிட்டேன். முன் சக்கரம் தாண்டியது, பின் சக்கரம் இறங்கும்போது 'டொம்' என்று ஒரு அடி, கூடவே சைலன்சர் உரசிய சத்தம். பின் ஸ்பிரிங் முழுசாக அமுங்கி ரப்பரில் முட்டுவதுதான் அந்த 'டொம்'. இந்த வகை வண்டியில் பின் சஸ்பென்ஷனைக் கொஞ்சம் கடுசாகவே வைத்திருப்பார்கள். அதனால்தான் பாலக்கோட்டு ரோட்டில் தனியாகப் போனால் தூக்கிப் போடும், மூன்று பேர் ஏறினால் மெத்தை மாதிரி போகும், ஐந்து பேரும் டிக்கியும் நிறைந்தால் பள்ளத்தில் முட்டும். நல்ல பதம் மூன்று பேருக்கும் நாலு பேருக்கும் நடுவில்.

திரும்பும்போது காவல்கிணறு, பணகுடிப் பக்கம் காற்று. சும்மா காற்றாலையை அங்கே நட்டு வைக்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பக்கவாட்டில் அறைந்தது. உயரமான பக்கம், கனமில்லாத மூக்கு. பஸ்ஸை முந்தும்போது அதன் மறைவில் ஒரு நொடி நேராக இருந்த ஸ்டியரிங், வெளியே வந்ததும் அரை அடி தள்ளியது. பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், வேகம் 80. பழைய ஹேட்ச்பேக்கில் இவ்வளவு தெரிந்ததில்லை.

கயத்தாறில் கட்டபொம்மன் மணிமண்டபம் தாண்டி டீக்கு நிறுத்தினோம். பழக்க தோஷம், இறங்கியதும் நாலு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். மூன்று டயர் ஒரே சூடு, பின் இடது மட்டும் கை வைக்க முடியவில்லை. காற்றுக் குறைந்த டயர் அதிகமாக வளைந்து நிமிரும், அந்தச் சூடு அது. காற்றை அளந்தால் 26 பி.எஸ்.ஐ. கிளம்பும்போது 36 வைத்திருந்தேன், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு லோடுக்குப் பின் டயரில் 36 என்றுதான் போட்டிருக்கிறது, ஆள் குறைவு என்றால் 33. ட்ரெட்டில் ஒரு ஆணித் தலை பளபளத்தது.

இருபது வருடம் டயரோடு வாழ்கிறவன், பஞ்சர் கிட் இல்லாமல் போவேனா? கிட் இருந்தது. எங்கே? டிக்கித் தளத்துக்கு அடியில், ஸ்டெப்னிக்குள். அதன் மேல் நாலு பை, கருப்பட்டிப் பெட்டி, நாகர்கோவில் நேந்திரம் சிப்ஸ், மகள் பொறுக்கிய சிப்பி மூட்டை. எல்லாவற்றையும் டீக்கடை ஓரத்தில் இறக்கி அடுக்கினோம். ஒருவர் வந்து கருப்பட்டி கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார். ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியை ஊசியில் கோத்துச் செருகி, காற்றடிக்கப் பத்து நிமிடம். டிக்கியைக் காலி செய்து திரும்ப அடுக்க நாற்பது நிமிடம். இப்போது கிட்டும் பம்பும் முன் சீட்டுக்கு அடியில். இன்னொன்று: பல வண்டிகளில் ஸ்டெப்னி மற்ற நாலைவிட ஒல்லி, 80-க்கு மேல் போகாதே என்று அதிலேயே எழுதியிருக்கும். வாங்கும் முன் தளத்தைத் தூக்கிப் பாருங்கள். டயர் காற்றுக் குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும் வசதி என் வேரியன்ட்டில் இல்லை, அதற்கு மேல் வேரியன்ட்டில் சன்ரூஃபோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். சன்ரூஃப் இல்லாமல் அதைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

கொல்லிமலை திட்டத்தில் இல்லை. நாமக்கல்லில் தங்கியபோது மகன் இழுத்துக்கொண்டு போனான். அதியமான் நாட்டுக்காரர்கள் ஓரியின் மலைக்குப் போவதில் தப்பில்லை என்றேன், வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல் ஏறியிருப்போம், ஒரு வளைவின் உள்பக்கம் ஜல்லி சிதறிக் கிடந்தது. முதல் கியர், ஸ்டியரிங் முழுத் திருப்பு. முன் சக்கரம் பிடிக்காமல் 'சர்ர்' என்று சுற்றியது, டேஷ்போர்டில் விளக்கு மின்னியது. ஏற்றத்தில் எடை பின்னால் போகும். டிக்கியும் பின் சீட்டும் நிறைந்திருந்தால் இன்னும் போகும். இழுக்கிற சக்கரமோ முன்னால். எஸ்யூவி மாதிரி தெரிகிறதே என்று மண் ஏற்றத்தில் விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் உருட்டி விட்டு, வளைவின் வெளிப்பக்கம் சுத்தமான தாரில் ஏறினேன்.

அடுத்து ஒரு பஸ் இறங்கி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் பஸ் பின்னால் போக இடமில்லை, நானே ஒதுங்கி நின்றேன். வலது வளைவில் முன் கண்ணாடியின் ஓரத் தூண் பஸ்ஸையே மறைத்திருந்தது, இந்த வகை வண்டிகளில் அந்தத் தூண் நல்ல தடிமன், தலையை முன்னும் பின்னும் ஆட்டித்தான் பார்க்க வேண்டும். மறுபடி கிளப்பும்போது டர்போ விழிக்கும் வரை எஞ்சினில் தெம்பில்லை, அரைக் கிளட்சில் இழுத்தேன். "என்னடா கருகுற நாத்தம்?" என்றார் அம்மா. கிளட்ச்தான். மேலே செம்மேட்டில் இருபது நிமிடம் ஆறவிட்டேன். இந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், அதாவது கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாகச் சக்தி போகிற கியர்பாக்ஸ், நிம்மதி. மேனுவல் கியரையே மோட்டார் மாற்றித் தருகிற ஏஎம்டி யோசித்து யோசித்து கியர் போடும். இரண்டு கிளட்ச் வைத்த டிரை கிளட்ச் டிசிடி என்றால் ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போது அதுவும் என் கிளட்ச் மாதிரியே சூடாகும். ஏறிய அதே கியரில் இறங்கினோம்.

வீடு திரும்பியபோது 1,320 கிலோமீட்டர். டேங்க் நிரப்பி நிரப்பிப் பார்த்ததில் 86 லிட்டர், லிட்டருக்கு 15 சொச்சம். ஸ்கிரீன் 16.8 என்றது, அது எப்போதும் கொஞ்சம் பெருமை பேசும். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனாலில் பெட்ரோலைப்போல மூன்றில் இரண்டு பங்கு சக்திதான், அதையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். மறுநாள் என் கடை மேடையிலேயே ஏற்றினேன். முன் சக்கரத்தின் டோ, அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் கோணம், லேசாக வெளியே போயிருந்தது, உவரிப் பக்கத்து வேகத்தடையின் உபயம். வழியில் ஸ்கிரீன் இரண்டு தடவை உறைந்து நின்றது பற்றி சர்வீஸில் கேட்டேன். அப்டேட் வந்தால் சரியாகும் என்றார்கள், இன்னும் வரவில்லை.

இனி உங்கள் கதை. மடியில் உட்கார்ந்துகொள்வான் என்றீர்களே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். ஐம்பதில் போகிற வண்டி எதிலாவது மோதி நின்றால், 12 கிலோ பிள்ளையைப் பிடித்திருக்கிற கைக்கு அது இருநூறு கிலோவுக்கு மேல். யாராலும் பிடிக்க முடியாது. முன் சீட் மடி என்றால் ஏர்பேக் அவன் முகத்தில்தான் வெடிக்கும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தத்திலேயே வந்துவிட்டது. அவனுக்குக் குழந்தை இருக்கை போட்டால், பின் சீட்டில் மீதி இரண்டு பேர்கூட நெருக்கித்தான். ஆக நீங்கள் ஆறு பேர், வண்டி ஐந்து பேருக்கு.

ஆறு பேரும் சேர்ந்து வருடத்தில் எத்தனை நாள் போகிறீர்கள் என்று எண்ணுங்கள். தீர்த்தமலை, ஒகேனக்கல், ஒரு கல்யாணம், ஒரு குலதெய்வம் என்று நாலைந்து நாள்தான் என்றால், அந்த நாளுக்கு மட்டும் டிரைவரோடு ஏழு சீட் வண்டி வாடகைக்குப் பிடியுங்கள், மற்ற நாளுக்குக் கிராஸோவர் போதும். நாலு மீட்டருக்குள், பெட்ரோல் 1,200 சிசிக்குள் என்றால் 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான், அதைத் தாண்டினால் 40. டிக்கி சின்னதாக இருப்பதற்கும் அந்த நாலு மீட்டர்தான் காரணம். மாதத்துக்கு இரண்டு தடவை ஆறு பேரும் கிளம்புகிற வீடு என்றால் அழகைப் பார்க்காமல் ஏழு சீட் எம்பிவியை, அதாவது வேன் மாதிரியான குடும்பக் காரைப் பாருங்கள்.

எதுவானாலும் இன்னொரு டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். இந்தத் தடவை அப்பா, அம்மா, பிள்ளைகளோடு போங்கள், ஷோரூம் பையனுக்கு இடம் இல்லாவிட்டால் அவர் பைக்கில் வரட்டும். வழியில் இரண்டு தடவை நிறுத்தி அம்மாவை இறங்கி ஏறச் சொல்லுங்கள். கூட்டிப்போகும் காரணத்தைச் சொல்லாதீர்கள், சொன்னால் கஷ்டத்தை மறைத்துவிடுவார்கள். இறங்கும்போது அவர் கை எதைப் பிடிக்கிறது என்று மட்டும் பாருங்கள்.